அரைஞாண் கயிற்றுக்கு அடியில் ஒரு கட்டு

பிள்ளையாரை மனதில் நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் ஆண்டு மலர் ஒன்று போடுகிறார்களாம். படித்து முடித்ததும் இதய டாக்டர், எலும்பு டாக்டர், ஸ்கேன் டாக்டர் என்று எல்லாரும் போய்விடுகிறார்கள். காய்ச்சலிலிருந்து கால்புண் வரை எதுவென்றாலும் பார்க்கிற பொது டாக்டராக இருக்க ஆள் வருவதில்லை. அதைப் பற்றி எழுதச் சொல்லிப் பெரிய டாக்டர்கள் பலரைக் கேட்டிருக்கிறார்கள். என்னையும் கேட்டார்கள். நான் டாக்டர் இல்லை. பத்தாவது தவறியவன். பாகூர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவன். பெயர் மாணிக்கம். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். பெருமையாக எழுத ஆசைதான். ஆனால் இந்த விஷயத்துக்குப் பயன்படக்கூடியதாக என்னிடம் இருப்பது என் தவறு ஒன்றுதான்.

வேலை கற்றது டவுனில், பெரிய ஆஸ்பத்திரியில். ஆறு மாதம். முதல் மாதம் மூன்று தடவை மயங்கி விழுந்தேன். அதற்குப் பிறகு விழவில்லை. அதைப் பற்றி அவ்வளவுதான்.

சரியாக வேலை கற்றுக்கொடுத்தவர் டாக்டர் சவரிராயன். எங்கள் நிலையத்துக்கு அவர் வந்து சேர்ந்த முதல் நாள் நான் நெற்றி நிறைய விபூதியோடு நின்றேன். அவர் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். ஏதாவது சொல்வாரோ என்று நினைத்தேன். நெற்றியைப் பார்த்தார், கையைப் பார்த்தார். "விபூதி நெத்தியில இருக்கட்டும் மாணிக்கம். விரல்ல இருக்கக் கூடாது. போய்க் கழுவிக்கினு வா" என்றார். அன்று முதல் பூசிக்கொண்டு வந்ததும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுவது வழக்கமாகிவிட்டது. இன்றும் வீட்டில் சாமி கும்பிட்டுவிட்டுக் கையைக் கழுவுகிறேன். என் சம்சாரம் சிரிக்கிறாள்.

அவரிடம் ஒரு பழக்கம். மணி அடித்து நோயாளியைக் கூப்பிடவே மாட்டார். ஒவ்வொருவருக்கும் நாற்காலியை விட்டு எழுந்து, வெளியே பெஞ்சு வரைக்கும் போய், "வாங்க" என்று கூட்டிவருவார். ஒரு நாளைக்கு நூறு பேர் என்றால் நூறு தடவை. முன்பு பிரெஞ்சுக்காரர் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய பெரியவர் ஒருவர் வருவார். ஐயா என்பதற்கு முசே என்பார். "முசே, நான் இன்னா கலெக்டரா? உட்கார்ந்து கூப்பிடுங்க" என்பார். டாக்டர் சிரிப்பார். என்னிடம் ஒரு நாள் சொன்னார்: "பெஞ்சுலேர்ந்து எழுந்திரிக்கறது, நடக்கறது, மூச்சு வாங்கறது, யாரு தோளைப் பிடிச்சிக்கினு வராங்க, எல்லாம் அந்தப் பத்தடியிலயே தெரிஞ்சிடும். நான் உட்கார்ந்துட்டா அந்தப் பத்தடி போச்சு."

எனக்கு அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. புண்ணை மூடுவதற்கு முன் அவரிடம் காட்ட வேண்டும். சின்னக் கீறலாக இருந்தாலும் சரி.

கட்டுப் போடுவது பார்க்கச் சுலபமாக இருக்கும். முதலில் பழைய கட்டை நனைக்க வேண்டும். காய்ந்ததை இழுத்தால் புதுத் தோலும் சேர்ந்து வந்துவிடும். உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து நடுவிலிருந்து வெளியே துடைக்க வேண்டும். வெளியிலிருந்து உள்ளே வந்தால் அழுக்கைப் புண்ணுக்குள் கொண்டுபோகிறோம். ஒரு தடவை துடைத்த பஞ்சு மறு தடவைக்கு ஆகாது. அப்புறம் டாக்டருக்குக் காட்டு. அப்புறம் மருந்து, நாலு விரல் அளவுக்கு மடித்த காஸ் துணி, மேலே பிளாஸ்டர். பிளாஸ்டரின் ஒரு ஓரத்தை மட்டும் உள்ளே மடித்து ஒட்டாமல் விடுவேன். மறுநாள் பிரிக்கும்போது நகத்தால் சுரண்ட வேண்டியதில்லை; மடிப்பைப் பிடித்தால் வந்துவிடும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, நானாகவே கண்டுபிடித்தது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

ஒரு வருஷம் ஆடி மாதத்தில் சங்கீதா என்ற பெண் பயிற்சி டாக்டராக வந்தார். டவுன் பெண். அப்பா வங்கியில் வேலை. நோயாளி இல்லாத நேரமெல்லாம் தடிப் புத்தகம். மேல்படிப்புக்கான நுழைவுத் தேர்வு முடிந்து, நல்ல இடம் கிடைக்கும் என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் கையில் புத்தகம்தான்.

வயலில் நடவு நடும் பெண்கள் அவரை விடமாட்டார்கள். "இன்னா பாப்பா, ஊசி போடத் தெரியுமா? இல்ல, எங்கிட்டதான் கத்துக்கப் போறியா?" என்று கேட்பார்கள். அந்தப் பெண் முகம் சிவந்துபோகும்.

ஒரு நாள் டீ குடிக்கும்போது, "எந்த டாக்டரம்மா ஆகப் போறீங்க?" என்று கேட்டேன்.

"ஸ்கேன் பாக்கற டாக்டர்ணே. ஆளுங்க பேசவே வேணாம். இருட்டு ரூம், ஏசி, படம் மட்டும் பேசும்."

"இங்க மாதிரி இருந்துட்டா இன்னா?"

"இங்கியா? சளி, காய்ச்சல், உங்க கட்டு. இதுக்கா அஞ்சரை வருஷம் படிச்சேன்?" என்று சிரித்தார். அது கெட்ட சிரிப்பு இல்லை. சின்ன வயசு.

இனி முருகையன்.

செலியமேட்டுக்காரன். கரும்பு வெட்டவும் களை எடுக்கவும் கூலிக்குப் போவான். நாற்பது வயதிருக்கும். அந்த ஆடியில் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிக்குக் காப்புக் கட்டியிருந்தான். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு, இடுப்பில் மஞ்சளில் நனைத்த புது அரைஞாண் கயிறு. காப்புக் கட்டினால் தீ மிதித்து முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டி இரவு தங்கக் கூடாது, கயிற்றைக் கழற்றக் கூடாது. அதற்கு முன் நானும் இரண்டு முறை தீ மிதித்தவன். எனக்கு அதெல்லாம் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை வந்தான். கூட்டம் நிறைய. "அண்ணே, கயிறு ஒரசி புண்ணாயிடுச்சி. வலிகூட இல்ல. சும்மா ஒரு பிளாஸ்திரி போட்டு வுடுங்க. பத்து மணிக்கு மேஸ்திரி தேடுவாரு" என்றான்.

இடுப்பின் இடது பக்கம், சரியாகக் கயிற்றின் கீழே. உளுந்து அளவில் கறுத்த பொருக்கு. சுற்றிலும் கொஞ்சம் சிவப்பு. சீழ் இல்லை. புதுக் கயிறு, மஞ்சள், வேர்வை. உராய்ந்திருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். அம்மன் கயிற்றை என் கையால் நகர்த்த மனம் வரவில்லை. அவனையே இரண்டு விரலால் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, துடைத்து, மருந்து வைத்து மூடினேன். டாக்டர் உள்ளே ஒரு குழந்தைக்கு வலிப்பு என்று பார்த்துக்கொண்டிருந்தார். காட்டவில்லை. இந்த உளுந்தளவு புண்ணுக்கு அவரைக் கூப்பிடுவதா என்று விட்டுவிட்டேன்.

"அம்மாவுக்கு வேண்டிக்கடா" என்று சொல்லியும் அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை அவன் காய்ச்சலோடு வந்தான். நான் பின்னறையில் காஸ் துணி அவித்துக்கொண்டிருந்தேன். அவன் வந்ததே எனக்குத் தெரியாது. சங்கீதா டாக்டர்தான் முதலில் பார்த்திருக்கிறார். நெஞ்சு, வயிறு எல்லாம் பார்த்துவிட்டு, இடுப்பில் கட்டைப் பார்த்து, "இது இன்னாது?" என்று கேட்டிருக்கிறார். "கயிறு ஒரசினதும்மா, அண்ணன் கட்டுப் போட்டாரு." கட்டு சுத்தமாக, அழகாக இருந்தது. சீட்டில் அப்படியே எழுதிவிட்டார். டாக்டர் சவரிராயன் அந்தச் சீட்டைப் படித்து, மலேரியாவுக்கு ரத்தம் எடுக்கச் சொல்லி, மூன்று நாளுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

திங்கட்கிழமை அவன் மனைவி அலமேலு மட்டும் வந்தாள். ஓடி வந்திருந்தாள். பெஞ்சில் உட்காரவில்லை.

"சார், காய்ச்சல் எறங்கவே இல்ல. மூச்சு எளைக்குது. என்னைப் பார்த்து நீ யாருங்கறாரு."

"பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போகலியாம்மா?"

"காப்புக் கட்டியிருக்குது சார். எல்லை தாண்டித் தங்கினா தெய்வக்குத்தம்னு கதவைப் பிடிச்சிக்கினு வரமாட்டேங்கறாரு. மாமியாரும் வுட மாட்டேங்கறாங்க."

டாக்டர் எழுந்துவிட்டார். பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்து, "ஒரு மணி நேரம். உங்கள்ல யாருக்காவது அவசரம்னா இப்பவே சொல்லுங்க" என்றார். "போய்ட்டு வா சார், நாங்க இன்னா ஓடியா போவப் போறோம்" என்றாள் ஒரு கிழவி. ஆம்புலன்சைப் பின்னால் வரச் சொல்லிவிட்டு, அவர் காரில் அலமேலுவோடு நாங்கள் மூன்று பேரும் போனோம். அவருக்குப் பின்னால் சங்கீதா டாக்டர், மருந்துப் பெட்டியோடு நான்.

ஒரே அறை வீடு. பாயில் கிடந்தான். கண் சிவந்து, உதடு காய்ந்து, மூச்சு மேலும் கீழும். டாக்டர் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். எந்த அவசரமும் இல்லாதவர் போல உச்சியிலிருந்து தொடங்கினார். தலைமுடியைப் பிரித்துப் பார்த்தார். காதுக்குப் பின்னால். கழுத்து. அக்குள் இரண்டும். "சிகரெட்டால சுட்ட மாதிரி எங்கியாவது ஒரு கறுப்பு இருக்கணும்" என்று சங்கீதாவிடம் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு அந்த உளுந்தளவு பொருக்கு ஞாபகம் வந்தது.

இடுப்புக்கு வந்தார். கட்டு. பிளாஸ்டரின் மடித்த ஓரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மாணிக்கம், இது உன் மடிப்பு."

"ஆமா சார்."

"நான் பார்த்தேனா?"

"இல்ல சார். நான் காட்டல."

டாக்டர் முருகையனிடம், அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ, "கயிறைக் கழட்டலப்பா, கொஞ்சம் நகத்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மடிப்பைப் பிடித்தார். கட்டு ஒரே இழுப்பில் வந்தது. உளுந்தளவு கறுப்புப் பொருக்கு. செவ்வாய்க்கிழமை பார்த்த அதேதான். இப்போது கொஞ்சம் பெரிசு.

"உண்ணிக் காய்ச்சல்" என்றார் டாக்டர். "புதர்ல இருக்கற பூச்சி. கண்ணுக்கே தெரியாது. கயிறு, பாவாடை நாடா, இடுக்கு இந்த மாதிரி எடமாப் பார்த்துக் கடிக்கும். வலிக்காது."

சங்கீதா டாக்டர் பொருக்கின் பக்கம் குனிந்தார். "நான் வெள்ளிக்கிழமை இந்தக் கட்டைப் பார்த்தேன் சார். பிரிக்கல."

"நான் நீ எழுதினதைப் படிச்சேன். நானும் பிரிக்கல." பிறகு அவர் அலமேலுவைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "எங்க மூணு பேர் மேலயும் தப்பு இருக்குதும்மா. மூணு பேரும் பார்த்தோம், முழுசாப் பார்க்கல. இப்பத் தெரிஞ்சிடுச்சி. இதுக்கு மருந்து இருக்குது. ஆனா மூச்சுக்கு ஆக்சிஜன் வேணும். ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும்."

அந்த மருந்து பெட்டியிலேயே இருந்தது. எங்கள் நிலையத்தில் எப்போதும் இருக்கிற சாதாரண மாத்திரை. தலையைத் தூக்கிப் பிடித்து அங்கேயே முதல் மாத்திரையை விழுங்க வைத்தோம்.

அலமேலுவின் மாமியார் வாசலை மறித்து நின்றாள். "எல்லை தாண்டித் தங்கக் கூடாது. அம்மன் கோவிச்சிக்குவா." டாக்டர் என்னைப் பார்த்தார். இது தன்னால் ஆகிற காரியம் இல்லை என்று அவருக்குத் தெரியும். நான் செருப்பைக்கூடப் போடாமல் கோயிலுக்கு ஓடினேன்.

பூசாரி கொடிக்குத் துணி கிழித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன்.

"ஏன்பா மாணிக்கம், எல்லையில அம்மன் இன்னா செக்போஸ்டா போட்டு வெச்சிருக்கிறா? உசுரு போவுதுங்கற, நின்னு கதை சொல்லிக்கினு இருக்கற? வா!"

வந்தார். அம்மன் குங்குமத்தை முருகையன் நெற்றியில் வைத்தார். மணிக்கட்டுக் காப்பை அவிழ்த்து, பக்கத்தில் நின்ற அலமேலுவின் தம்பி கையில் கட்டினார். "மாமனுக்குப் பதிலா நீ மிதி" என்றார். அந்தத் தம்பி, "நானா? கறி சாப்ட்டுட்டனே சாமி" என்று முழித்தான். "இன்னிலேர்ந்து வுடு. போய்த் தலைக்கு ஊத்திக்கினு வா" என்று அதட்டினார் பூசாரி. மாமியார் வாசலை விட்டு நகர்ந்தாள். அரைஞாண் கயிறு அப்படியே இருக்க, ஆம்புலன்சில் ஏற்றினோம்.

திரும்பி வந்து மிச்சம் இருந்த கூட்டத்தைப் பார்த்து முடித்தோம். சாயங்காலம் சங்கீதா டாக்டர் மருந்து அறை வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நான் போய், "தப்பு என்னுதும்மா. நான் மூடலன்னா நீங்க பார்த்திருப்பீங்க" என்றேன்.

"இல்லண்ணே. பிரிச்சிருக்கணும்." பிறகு, "எனக்குப் பயமா இருக்குண்ணே. ஒரு ஆளை முழுசாப் பார்க்கணும்னா எங்கன்னு பார்க்கறது? எதை விடறது? ஸ்கேன்ல இந்த எடத்தைப் பாருன்னு எழுதி அனுப்புவாங்க. அந்த எடத்தைப் பார்த்தாப் போதும். எனக்கு ஒரு எடம் போதும்ணே" என்றார்.

உள்ளே இருந்து டாக்டருக்கும் அது கேட்டிருக்கும். வெளியே வந்தார். புத்தி சொல்வார், தடுப்பார் என்று எதிர்பார்த்தேன். "எனக்கும்தாம்மா பயம். இருபத்தஞ்சு வருஷமா இருக்குது. போய்ச் சாப்பிடு" என்றார். அவ்வளவுதான்.

அன்று பாகூர் சிவன் கோயிலுக்குப் போனேன். இரண்டு வேண்டுதல் வைத்தேன். முருகையன் பிழைக்க வேண்டும். என் தவறால் இந்தப் பெண் பயந்து ஓடிவிடக் கூடாது. ஏனென்றால் பயந்தாரே தவிர, பழியை என்மேல் தள்ளவில்லை. அப்படிப்பட்டவர்தான் எங்கள் ஊர் மாதிரி ஊருக்கு வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

முதல் வேண்டுதல் சீக்கிரமே பலித்தது. இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. தீமிதி அன்று முருகையன் ஆஸ்பத்திரியில்தான் இருந்தான், மச்சான் மிதித்தான். அடுத்த வாரம் முருகையன் அலமேலுவோடு எங்கள் நிலையத்துக்கு வந்தான். இளைத்துப் போயிருந்தான், வாய் மட்டும் இளைக்கவில்லை.

"டாக்டரம்மா, இந்தத் தடவை முழுசாப் பாத்துக்குங்க. எதையும் மறைக்கல."

"தூ, வாயை மூடுய்யா" என்று அலமேலு அவன் முதுகில் ஒன்று வைத்தாள். பெஞ்சே சிரித்தது. சங்கீதா டாக்டரும் சிரித்தார். அவனை உள்ளே கூப்பிட, அவர் எழுந்து பெஞ்சுக்கு வந்திருந்தார் என்பதை நான் பிறகுதான் கவனித்தேன்.

அடுத்த மாதம் பயிற்சி முடிந்தது. கடைசி நாளில் அவர் அப்பா கார் கொண்டுவந்திருந்தார். "ஸ்கேன் சீட்டு நிச்சயம் கிடைச்சிடும், நாளைக்குக் கையெழுத்து" என்று எல்லாருக்கும் இனிப்புக் கொடுத்தார். சங்கீதா டாக்டர் என்னிடம், "வரேன்ணே" என்று மட்டும் சொன்னார். நான் இனிப்பை வாங்கிக்கொண்டேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். என் கட்டு ஒரு டாக்டரை விரட்டிவிட்டது என்றே பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் சவரிராயன் மாற்றலாகிப் போனார். பிறகு வந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான்; மணி அடித்துக் கூப்பிட்டார்கள். நானும் ஓய்வு பெற்றேன்.

போன ஐப்பசியில் நானும் என் சம்சாரமும் மகள் வீட்டில் இருந்தோம். வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமம். சம்சாரத்துக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். அந்த ஊர் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தோம். மணி அடிக்கும் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. உள்ளேயிருந்து டாக்டரம்மா எழுந்து வந்து, "வாங்கம்மா" என்றார். தலையில் கொஞ்சம் நரை. கண்ணாடி. என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"மாணிக்கம் அண்ணனா?"

தலையாட்டினேன். உள்ளே போனோம். அவர் முதலில் சம்சாரத்தைத்தான் பார்த்தார். கண், காதுக்குப் பின்னால், அக்குள். கழுத்துக்கு வந்ததும், "தாலிக் கயிறை நீங்களே கொஞ்சம் தூக்கிக் காட்டுங்கம்மா, நான் தொடல" என்றார். திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் மிச்சத்தையும் பார்த்தார். வெளியே வந்து, "ஒண்ணும் இல்லண்ணே. சாதாரணக் காய்ச்சல்தான். ரெண்டு நாள்ல போயிடும்" என்றார். ஒன்றும் இல்லை என்ற சொல் அவ்வளவு நிம்மதியாக அதற்கு முன் என் காதில் விழுந்ததில்லை.

"ஸ்கேன் சீட்டு?" என்று கேட்டேன்.

"கெடச்சிதுண்ணே. கையெழுத்துப் போடப் பேனா எடுத்தேன். உங்க கட்டு ஞாபகம் வந்திடுச்சி. ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன்னு வூட்டுல கெடக்கறவன் எந்த ஸ்கேன் ரூமுக்கு வரப் போறான்? அவன் கட்டை நாம பிரிக்கலன்னா யாரு பிரிப்பாங்கன்னு தோணிச்சி. அப்பா ஒரு வருஷம் பேசல. இப்பப் பேசறாரு. பயம் மட்டும் போகவே இல்ல."

"சாருக்கும் போகலியேம்மா."

"ஆமாண்ணே. அதைத்தான் எங்கிட்டப் படிக்க வர்ற பசங்ககிட்டயும் சொல்றேன். நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. அவங்க ஆண்டு மலருக்கு உங்களையும் கேக்கச் சொல்றேன், எழுதிக் குடுங்க. யாரு மூடினதுன்னும் எழுதுங்க."

சரி என்று எழுந்தேன். இரண்டடி நடந்திருப்பேன்.

"அண்ணே, நில்லுங்க. பெஞ்சுலேர்ந்து வரும்போதே பார்த்தேன். இடது காலை ஏன் தாங்கித் தாங்கி வைக்கறீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. செருப்புக் கடி. நானே கட்டுப் போட்டுக்கினேன். வலிகூட இல்ல."

சொன்ன பிறகுதான், முருகையன் சொன்ன அதே சொல் என்று என் காதில் விழுந்தது. எனக்குச் சர்க்கரை உண்டு; காலில் புண் வந்தாலும் வலி தெரியாது. சம்சாரம் தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டரம்மா முக்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார். நான் உட்கார்ந்து வேட்டியை உயர்த்தினேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, குனிந்து, பிளாஸ்டரின் மடித்த ஓரத்தைப் பிடித்தார். கட்டு ஒரே இழுப்பில் வந்தது.